வாஷிங்டனின் மாவு மில்: ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வடக்கு வர்ஜீனியாவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கோடைக்காலக் கடமை உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் வெள்ளை மாளிகை, விண்வெளி அருங்காட்சியகம், அப்புறம் மவுண்ட் வெர்னன் என்று சுற்றிக் காட்ட வேண்டும். மவுண்ட் வெர்னன், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை வீடு. நான் வீட்டோடு விடுவதில்லை. அங்கிருந்து சுமார் மூன்று மைல் தள்ளி இருக்கும் அவருடைய மாவு மில்லுக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மாமா வந்தாலும் சரி, அத்தை வந்தாலும் சரி, கேள்விகள் ஏறக்குறைய அதேதான். காரில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஜனாதிபதிக்கு எதுக்குப்பா மாவு மில்லு?

மில் கட்டும்போது அவர் ஜனாதிபதி இல்லை. 1770-71-ல் கட்டினார், ஜனாதிபதி ஆனது 1789-ல். அப்போது அவர் வர்ஜீனியாவில் நிலமும் கடனும் நிறைய வைத்திருந்த ஒரு பண்ணைக்காரர், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் புகையிலை போட்டார்கள். அது மண்ணை உறிஞ்சித் தீர்த்துவிடும் பயிர். விளைந்ததை லண்டன் வியாபாரிகளுக்கு அனுப்பி, அவர்கள் சொன்ன விலைக்கு விற்று, அவர்களிடமே துணிமணி, சாமான் எல்லாம் கடனுக்கு வாங்குவது வழக்கம். கணக்கு ஒருநாளும் நேராகாது. வாஷிங்டனுக்கு இது சீக்கிரமே அலுத்துவிட்டது. 1766 வாக்கில் மவுண்ட் வெர்னனில் புகையிலையை நிறுத்திவிட்டுக் கோதுமைக்கு மாறினார். கோதுமையைக் கோதுமையாக விற்பதைவிட மாவாக்கி விற்றால் லாபம் அதிகம். மில் வந்தது அதற்காகத்தான்.

அதுக்கு முன்னாடி அங்கே மில்லே இல்லையா?

இருந்தது. அவருடைய அப்பா அகஸ்டின் வாஷிங்டன் 1730-களில் இதே டோக் ரன் ஓடையில், கொஞ்ச தூரம் தள்ளி ஒரு மில் வைத்திருந்தார். மகன் கைக்கு வந்தபோது அது இற்றுப் போய்க் கிடந்தது. ஒட்டுப்போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கல்லால் புதிதாகவே கட்டிக்கொண்டார்.

அப்போ இந்தக் கட்டடத்துக்கு 250 வயசா?

இங்கேதான் முகங்கள் கொஞ்சம் வாடும். இல்லை. நீங்கள் பார்க்கும் கட்டடம் 1933-ல் கட்டியது. பழைய மில் 1850 வாக்கில் இடிந்து, அதன் கற்களை அக்கம்பக்கத்தார் தங்கள் வேலைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். 1932-ல் வாஷிங்டன் பிறந்த 200-ஆவது ஆண்டு வந்தபோது வர்ஜீனியா மாநில அரசு இடத்தை வாங்கித் தோண்டிப் பார்த்து, கிடைத்த அடித்தளத்தின் மேலேயே மறுபடி எழுப்பியது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே ஓடும் மர இயந்திரங்களுக்குக் கட்டடத்தைவிட வயது அதிகம். அதே மாநிலத்தில் ஃப்ரண்ட் ராயல் என்ற ஊருக்குப் பக்கத்தில், சுமார் 1818-ல் அமைத்த ஒரு மில் சும்மா கிடந்தது. அதிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து இங்கே பொருத்தினார்கள். ஆக, இடம் வாஷிங்டனுடையது, சுவர் 1933-ஆம் வருடத்தது, பல்சக்கரம் வேறொருவருடையது. என்னைக் கேட்டால் இதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்த அசல் கல்லைவிட, தண்ணீர் விட்டால் ஓடி மாவு கொட்டும் மில் எனக்கு மேல்.

தண்ணிச் சக்கரம் எங்கே? வெளியே காணோமே!

படத்தில் பார்த்த மில்களில் எல்லாம் சக்கரம் வெளிச்சுவரில் அழகாகச் சுற்றும். இங்கே அது கட்டடத்துக்குள்ளே இருக்கிறது. காரணம் பனிக்காலம். வெளியே இருந்தால் தண்ணீர் உறைந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருந்தால் இன்னும் சில வாரம் கூடுதலாக ஓட்டலாம். அறுவடை முடிந்து தானியம் குவிந்து கிடக்கும் காலத்தில் அந்தச் சில வாரம் பெரிய விஷயம்.

ஓடை நேராகச் சக்கரத்தில் வந்து மோதுவதில்லை. மேல்பக்கத்திலேயே ஓடையை மறித்து, மட்டம் இறங்காமல் ஒரு வாய்க்கால் வெட்டி மில் வரை கொண்டுவருகிறார்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் சக்கரத்தின் வாளிகளில் விழுந்து நிறைகிறது. தண்ணீரின் அடியைவிட அதன் எடைதான் சக்கரத்தை இழுக்கிறது. நிறைந்த வாளி கீழே இறங்கிக் கொட்டுகிறது, காலி வாளி மேலே வருகிறது. நம் ஊர் வாய்க்கால் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒருதரம் எங்கள் பெரியப்பா வாய்க்காலைப் பார்த்த உடனேயே, “கோடையில வத்திப்போகுமே?” என்றார். வற்றத்தான் செய்தது. மில்லுக்குத் தண்ணீர் போதாமல் பைனி பிராஞ்ச் என்ற பக்கத்து ஓடையையும் வாஷிங்டன் இந்தப் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது.

சக்கரம் ஆடி அசைஞ்சு சுத்துது, கல்லு மட்டும் எப்படி இவ்வளவு வேகம்?

சைக்கிளில் பெரிய பல்சக்கரம் சின்னதை ஓட்டுவது போலத்தான். சக்கரம் நிமிடத்துக்குப் பத்துச் சுற்று சுற்றினாலே ஜாஸ்தி. கல் நூறைத் தாண்டிவிடும். நடுவே இருப்பவை மரப் பல்சக்கரங்கள், மாட்டுக் கொழுப்பு தடவியவை. ஒரு பல் உடைந்தால் அந்தப் பல்லை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு செதுக்கிச் செருகலாம்.

இது நம்ம திரிகை மாதிரிதானே?

வேலை அதேதான். அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும், நடுத்துளையில் தானியம் விழும், ஓரத்தில் மாவு வரும். திரிகையில் உளுந்து உடைத்த எவருக்கும் இந்த மில் பாதி புரிந்துவிடும். அம்மா முதல் தடவை வந்தபோது, “மேல்கல்லைக் கொஞ்சம் தூக்கினா ரவை, இறக்கினா மாவு. அப்படித்தானே?” என்று கேட்டாள். அப்படியேதான். கற்கள் இரண்டும் தொடவே கூடாது. நடுவே ஒரு காகித கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். மில்காரரின் கைத்திறனே அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான். அதனால் அவர் சும்மா நிற்பது போலத் தெரிந்தாலும் விழுகிற மாவை விரல்களுக்கு நடுவே தேய்த்துக்கொண்டே இருப்பார்.

வித்தியாசம் கல்லில் இருக்கிறது. நம் திரிகை ஒரே பாறையில் அடித்தது. விற்பனைக் கோதுமைக்கு இங்கே வைத்தது பிரெஞ்சுக் கல். பாரிஸுக்குக் கிழக்கே லா ஃபெர்த்தே என்ற ஊர்ப்பக்கம் வெட்டி எடுக்கும் படிகக்கல் அது. பெரிய துண்டாகக் கிடைப்பது அபூர்வம் என்பதால், சின்னச் சின்னத் துண்டுகளைச் செதுக்கிச் சேர்த்து, சாந்து பூசி, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டு முழுக்கல்லாக்குவார்கள். கப்பலில் அட்லாண்டிக் தாண்டி வர வேண்டும், விலையும் அதிகம். ஆனால் கோதுமையின் தவிட்டைத் தூளாக்காமல் பட்டை பட்டையாக உரித்துவிடும். மாவு வெள்ளையாக வருவது அதனால்தான்.

கல்லு தேஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதானா?

கொத்தினால் போதும்! “அம்மி கொத்தறது, ஆட்டுக்கல்லு கொத்தறது” என்று தெருவில் கூவிக்கொண்டு போவார்களே, அதே தொழில் இங்கேயும் உண்டு. கல்லின் முகத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை பள்ளக்கோடுகள் வெட்டியிருக்கும். மேல்கல்லின் கோடும் அடிக்கல்லின் கோடும் கத்தரிக்கோல் போலக் குறுக்கே வெட்டி, தானியத்தை நறுக்கும். அதே கோடு வழியாகக் காற்றும் போய் மாவைச் சூடேறாமல் காக்கும். கோடு மழுங்கினால் கல் நறுக்காமல் நசுக்க ஆரம்பிக்கும். மாவு சூடாகிப் பிசுபிசுக்கும்.

அதனால் அவ்வப்போது, ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள மேல்கல்லைத் திருகுமரம் கொண்டு தூக்கிப் புரட்டிப் போட்டு, உளி போன்ற எஃகுக் கொத்தியால் நாள் கணக்கில் கொத்துவார்கள். எஃகுத் துணுக்கு தெறித்துக் கையில் ஏறி, தோலுக்கடியில் கருநீலப் புள்ளிகளாகத் தங்கிவிடும். ஊர் ஊராகப் போய்க் கல் கொத்துகிறவரிடம் வேலை தெரியுமா என்று கேட்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தாலே போதும்.

மாவு தானா மேலே ஏறுது, தானா கீழே இறங்குது. இது நிஜமாவே அந்தக் காலத்துச் சங்கதியா?

நிஜமாகவே. அது ஆலிவர் ஈவன்ஸின் வேலை. டெலவேர் பக்கத்துக்காரர், 1755-ல் பிறந்தவர். அதுவரை மில் என்றால் மூட்டை சுமப்பதுதான். தானியத்தை மாடிக்குத் தூக்கு, அரைத்த மாவை அள்ளி மறுபடி மாடிக்குத் தூக்கு, பரப்பி ஆறவை, சல்லடைக்குத் தள்ளு. வழியெல்லாம் சிந்தும், செருப்புக்காலோடு மிதிபடும். ஈவன்ஸ் 1780-களில் இந்தத் தூக்கல் முழுவதையும் சக்கரத்தின் தலையிலேயே கட்டிவிட்டார். தோல் பட்டையில் வரிசையாகச் சின்ன வாளிகள் கோத்து மேலே ஏற்றுவது ஒன்று. நம் ஊர் ரைஸ் மில்லில் நெல் ஏறும் எலிவேட்டரைப் பார்த்திருப்பீர்களே, அதே ஜாடைதான். திருகுதண்டு வைத்துப் படுக்கை வாட்டில் தள்ளுவது இன்னொன்று.

எனக்குப் பிடித்தது மாடியில் இருக்கும் ‘ஹாப்பர் பாய்’. அரைத்த மாவு சூடாக, ஈரக்கசிவோடு இருக்கும். அப்படியே பீப்பாயில் அடைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் ஒரு பையனை நிறுத்தி, வாரியால் பரப்பி ஆறவைத்துக் குழிக்குள் தள்ளச் சொல்வார்கள். ஈவன்ஸ் ஒரு நீள வாரியைத் தண்டில் மாட்டித் தரையில் வட்டமாகச் சுற்ற விட்டார். பையன் போனான், பையனின் பெயர் மட்டும் இயந்திரத்துக்கு நின்றுவிட்டது. 1790 டிசம்பரில் ஈவன்ஸுக்குக் கிடைத்தது அமெரிக்காவின் மூன்றாவது காப்புரிமை. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் ஜனாதிபதி வாஷிங்டனும் ஒருவர். அடுத்த வருடமே, 1791-ல், தன் மில்லிலும் அதைப் பொருத்திக்கொண்டார்.

வாளி, திருகு எல்லாம் முன்னமே இருந்ததுதானே? இதுக்கு எப்படிக் காப்புரிமை கொடுத்தாங்க?

பொறியியல் படிக்கிற தம்பி மகன் கேட்டது. இதே கேள்வியை, பின்னாளில் மூன்றாவது ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சனும் கேட்டிருக்கிறார் என்று சொன்னதும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. 1813-ல் எழுதிய ஒரு கடிதத்தில், வாளிச் சங்கிலி தண்ணீர் இறைக்கும் பாரசீகச் சக்கரத்திலேயே உண்டு, திருகு ஆர்க்கிமிடீஸ் காலத்தது, பழைய பொருளை வேறு வேலைக்கு வைத்தால் அது கண்டுபிடிப்பாகுமா என்று விளாசுகிறார். இத்தனைக்கும் 1790-ல் அந்தக் காப்புரிமையில் கையெழுத்திட்டவர்களில் அவரும் உண்டு. தன் மில்லுக்காக ஈவன்ஸுக்குக் கட்டணமும் கட்டியிருக்கிறார்.

என் கட்சி ஈவன்ஸ் பக்கம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் புதிதில்லைதான். ஆனால் தானியம் ஒரு பக்கம் நுழைந்து, கைபடாமல் மறுபக்கம் மாவாக வெளியேறும் ஒரே ஓட்டமாக அதற்கு முன் யாரும் கோக்கவில்லை.

ஆட்டோமேட்டிக்னா வேலைக்கு ஆளே வேண்டாமே?

மூட்டை சுமக்கும் ஆள் குறைந்தது, அவ்வளவுதான். வாய்க்கால் தூர்வார, பல்சக்கரம் பழுதுபார்க்க, பீப்பாய் செய்ய, மாவு அடைத்து ஆணியடித்து வண்டியேற்ற எல்லாம் ஆள் வேண்டும். பீப்பாய் ஒன்றுக்கு 196 பவுண்டு மாவு, அதாவது 89 கிலோ. சம்பளத்துக்கு இருந்த தலைமை மில்காரர்கள் வெள்ளையர்கள். 1770-லிருந்து வில்லியம் ராபர்ட்ஸ் என்பவர் இருந்தார். வேலையில் கெட்டிக்காரர், ஆனால் குடி. 1785-ல் அதனாலேயே வேலை போயிற்று. அடுத்து ஜோசப் டேவன்போர்ட் வந்தார்.

மற்ற உழைப்பெல்லாம் அடிமைகளுடையது. 1799-ல் மவுண்ட் வெர்னனில் அடிமைகளாக இருந்தவர்கள் 317 பேர். அந்த வருடம் வாஷிங்டன் எழுதி வைத்த பட்டியலில் மில் வேலைக்காரராக பென் என்ற பெயர் வருகிறது. இனிஷியல் கிடையாது, குடும்பப் பெயர் கிடையாது, பென் மட்டும்தான். மாவை விரலில் தேய்த்துப் பதம் பார்ப்பது பற்றி மேலே எழுதினேனே, அந்தக் கைத்திறனைக் கற்று வைத்திருந்தவர்களில் இவரும் ஒருவர். கோதுமையை விதைத்தது, அறுத்தது, அடித்ததும் அவர்களே. முதல் கேள்விக்குச் சொன்ன லாபக் கணக்கில் கூலி என்ற வரியே இல்லாமல் போனது இப்படித்தான்.

அக்கம்பக்கத்து ஜனங்களும் இங்கே அரைச்சுக்கிட்டாங்களா? கூலி எவ்வளவு?

அரைத்துக்கொண்டார்கள். கூலி பணமாக இல்லை. எட்டில் ஒரு பங்கை மில்லே எடுத்துக்கொள்ளும். மில்காரர் எவ்வளவு எடுக்கலாம் என்பதை வர்ஜீனியா சட்டமே வரையறுத்திருந்தது. கூலி விஷயத்தில் மில்காரரை நம்பாத குணம் உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது.

மில்லில் இரண்டு ஜோடிக் கற்கள் இருப்பதும் இதனால்தான். பிரெஞ்சுக் கல் விற்பனை மாவுக்கு. ஊர்க்காரர்களின் தானியத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் இன்னொரு ஜோடி. மிளகாய் அரைத்த மெஷினில் கோதுமையைப் போடாதே என்று நாம் சண்டை பிடிப்பதில்லையா?

மாவை எங்கே வித்தார்?

அலெக்சாண்ட்ரியா துறைமுகம் பக்கத்தில்தான். அங்கிருந்து கப்பலில் முக்கியமாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிற்று. தீவுகளில் கரும்பைத் தவிர எதையும் பயிரிட மனமில்லாததால் சாப்பாடு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். நாள் கணக்கில் கடலில் போகும் மாவு கெடக் கூடாதே என்பதால்தான் அந்த ஹாப்பர் பாய்க்கு அவ்வளவு மரியாதை. 1772-ல் தன் மாவுப் பீப்பாய்க்கு ‘ஜி. வாஷிங்டன்’ என்ற முத்திரையை மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்தார். நாட்டுக்கு முன்னால் மாவுக்குத்தான் அந்தப் பெயர் புகழ் சேர்த்தது என்று நான் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான்.

அந்த வெள்ளை மாவைத்தான் எல்லாருக்கும் கொடுத்தாங்களா?

இல்லை. முதல் தர மாவு விற்பனைக்கு. அடுத்தடுத்த தரங்கள் கீழே கீழே போகும், கடைசியில் தவிடு மாட்டுக்கு. அடிமைகளுக்கு அளந்தது மக்காச்சோள மாவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு குவார்ட், லிட்டருக்குச் சற்றே குறைவு. கூடக் கொஞ்சம் உப்பு மீன்.

1793-ல் ஒரு தகராறு. சலிக்காத மாவாக அளந்துகொண்டிருந்ததைச் சலித்த மாவாக மாற்றினார்கள். கேட்க நல்ல ஏற்பாடு போலத் தெரியும். ஆனால் அளவு போதவில்லை, வயிறு நிறையவில்லை என்று ஜனங்கள் முறையிட்டார்கள். விஷயம் ஜனாதிபதி வரை போய், போதுமான அளவு கொடுக்கும்படி அவர் மேலாளருக்கு எழுதினார். அவரே மக்காச்சோள மாவு அடையைத் தேன் ஊற்றிக் காலையில் சாப்பிடுகிறவர்தான். அதற்கு ஹோகேக் என்று பெயர்.

பக்கத்துல சாராயம் காய்ச்சுற கட்டடம் இருக்கே, அதுவும் அவரோடதா?

ஆமாம். குடிக்காகவே ஒரு மில்காரரை அனுப்பியவர் (ராபர்ட்ஸை ஞாபகம் இருக்கிறதா?), பன்னிரண்டு வருடம் கழித்து மில்லுக்குப் பக்கத்திலேயே விஸ்கி காய்ச்ச ஆரம்பித்தார். யோசனை, 1797-ல் பண்ணை மேலாளராக வந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரருடையது. ரை என்ற தானியம் 60 சதவீதம், மக்காச்சோளம் 35, முளைகட்டிய பார்லி 5. எல்லாம் இந்த மில்லில் அரைத்தது. ஐந்து செம்பு அண்டாக்கள். 1799-ல் ஏறக்குறைய 11,000 கேலன், நம் கணக்கில் 40,000 லிட்டருக்கும் மேல். காய்ச்சியவர்கள் ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், டிமோதி என்ற ஆறு அடிமைகள். வடித்த கழிவு பன்றிகளுக்குப் போயிற்று. அந்தக் கட்டடம் 1814-ல் எரிந்துவிட்டது. இப்போது நிற்பது 2007-ல் திறந்த மறுகட்டுமானம்.

இவ்வளவு நல்லா ஓடின மில்லு ஏன் அழிஞ்சுது? ரோலர் மில் வந்ததாலதானே?

விஷயம் தெரிந்தவர்கள் கேட்பது இது. பொதுவாகச் சரி, இந்த மில்லுக்குச் சரியில்லை. ஹங்கேரியிலிருந்து வந்த இரும்பு உருளை முறை மின்னியாபொலிஸ் பக்கம் 1870-களில்தான் பரவியது. கல்லை வைத்து ஓட்டிய சின்ன மில்களை அது தீர்த்துக்கட்டியது நிஜம். வாஷிங்டன் மில்லோ அதற்கு இருபது வருடம் முன்பே தரைமட்டம்.

1799 டிசம்பரில் அவர் இறந்ததும் மில்லும் சாராயக் கட்டடமும் சுற்றியிருந்த நிலமும் தங்கை மகன் லாரன்ஸ் லூயிஸுக்கும் அவர் மனைவி நெல்லிக்கும் போயின. ஒவ்வொரு வாரக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பார்த்த வாஷிங்டன் இப்போது இல்லை. மனைவி மார்த்தா இறந்த பிறகு விடுதலை என்றுதான் உயிலில் இருந்தது, ஆனால் மார்த்தா அதற்கு முன்பே, 1801 ஜனவரியில், வாஷிங்டனின் சொந்த அடிமைகளை விடுதலை செய்துவிட்டார். தினமும் தண்ணீரும் கொழுப்பும் கொத்தும் கேட்கிற சாமான் இது. கவனிக்க ஆளில்லாவிட்டால் மரம் இற்றுவிடும்.

உள்ளே ஏன் விளக்கே வைக்கல?

மாவுத் தூசி காற்றில் அடர்ந்தால் வெடிமருந்துதான். 1878-ல் மின்னியாபொலிஸில் வாஷ்பர்ன் மில் இப்படி வெடித்து 18 பேர் செத்தார்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவு வாங்கிட்டுப் போகலாமா? தோசை வருமா?

2002-லிருந்து மில் மறுபடி அரைக்கிறது, மக்காச்சோள மாவு வாங்கலாம். தோசைக்கு வராது, அத்தை முயன்று பார்த்துவிட்டாள். களி கிண்டலாம், கூழ் காய்ச்சலாம், ரவை பதத்தில் இருந்தால் உப்புமா பிரமாதம். முளையோடு அரைத்தது என்பதால் அதிலுள்ள எண்ணெய் சிக்குவாடை அடித்துவிடும். வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். சூட்கேஸில் வைத்து ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள்.